இரண்டாவது வால்

இனிகோ தூங்கிவிட்டான். தூங்கிவிட்டான் என்று மனசுக்குள் சொன்னால்கூட அவனுக்குக் கேட்டுவிடும், இந்த எட்டு மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், அதனால் சொல்லாமல், நினைக்காமல், அறைக் கதவை ஒரு கை அகலம் திறந்து வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மேசைக்கு வருகிறேன். மத்தியானம் மணி ஒன்று ஐம்பது. என் கணவர் ஜெரோம் கிடங்கில் ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, மாடிப்படி ஏறி வர மூன்று நாற்பது ஆகும். என் மகன் மனசு வைத்தால் எனக்கு ஒரு மணி நேரம், வைக்காவிட்டால் முப்பத்தைந்து நிமிஷம். வெளியே இங்கிலாந்து, நார்த்தாம்ப்டனின் ஜனவரி, துலக்காத அலுமினியப் பாத்திரம் மாதிரி வானம். ஹீட்டர் டிக் டிக் என்கிறது. இந்த நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவே பயமாக இருக்கிறது, யாரோ கேட்டுக்கொண்டிருந்து பிடுங்கிவிடுவார்கள் போல. வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்து நடுவில் வைக்கிறேன். அதைச் சுற்றி கம்பி உருளை, மூன்று மில்லிமீட்டர் குச்சி, குட்டி ஸ்க்ரூடிரைவர், கட்டர், பீங்கான் முனை வைத்த இடுக்கி, பஞ்சுப் பொட்டலம், புதினா மிட்டாய் இருந்த பழைய தகர டப்பா. பூசைக்கு முன்னால் பீடத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கிற மாதிரிதான், பாவம் சேராமல் இருக்கட்டும். கடைசியாக ஜெரோமின் வேப், சிகரெட்டுக்குப் பதிலாக அவர் இழுக்கிற ஆவிக் குழல், தலை கழற்றி. கடையில் காயில், உள்ளே சூடாகிற கம்பிச் சுருள், வாங்கிப் போட்டு, கருகினால் தூக்கி எறிகிற வகை இல்லை இது. கம்பியை நாமே சுற்ற வேண்டும், பஞ்சை நாமே திரித்து நுழைக்க வேண்டும். காலையில் ஐந்தே காலுக்கு முதல் இழுப்பு இழுத்ததுமே அவர் முகம் கோணிப்போய்விட்டது. பஞ்சு கருகியிருந்தது, காயிலும் நடுவில் உளுத்திருந்தது. புதுசு போட நேரமில்லை. அதை மேசையில் வைத்துவிட்டு வெறும் பையோடு கிளம்பினார். ஒரு நாள்தான புள்ள, தாங்கிருவேன், என்றார், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். சிகரெட்டை விட்டு பதினோரு மாதம் ஆகிறது. கிடங்கு வாசலில் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே சிகரெட் கடை. இந்தப் பதினோரு மாதமும் என் விரல் நுனியில் ஆறு சுற்றுக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், நாங்கள் அதைப் பேசுவதில்லை.

ஆரம்பத்தில் அவர்தான் சுற்றினார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கட்டைவிரல், அதற்குக் கம்பி அடங்குமா, ஒரு சுற்று சென்னைக்கும் ஒரு சுற்று மதுரைக்கும் போகும். பஞ்சை வேறு தலையணை உறை மாதிரி அடைத்து வைப்பார். அப்போது நான் ஆறு மாதக் கர்ப்பம். சோபாவில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் பொறுக்க முடியாமல், குடுங்க இப்படி, என்று வாங்கினேன். அன்றிலிருந்து இது என் வேலை. நீ சுத்துனாத்தான் புள்ள ருசி, நான் சுத்துனா டயரு எரிஞ்ச வாடை, என்பார். கிடங்கில் எல்லாரிடமும், என் வீட்டுக்காரி கான்வென்ட்ல இதுக்குத்தான் படிச்சா, என்று சொல்லியிருக்கிறார். பாதி நிஜம். தூத்துக்குடியில் சிஸ்டர் மொடஸ்டாவின் தையல் வகுப்பில் முடிச்சுத் தையல் போடும்போது நூலை ஊசியின்மேல் மூன்று சுற்று சுற்றி, அந்தச் சுற்று நெகிழாமல் இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஊசியை உருவ வேண்டும். அதே கைதான் இது. கம்பியின் ஒரு முனையைக் கட்டைவிரலுக்கடியில் பிடித்துக்கொண்டு மறு முனையைக் குச்சியின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றுகிறேன், ஒன்று, இரண்டு, ஒன்றோடு ஒன்று தோள் உரசி நிற்கிற மாதிரி, அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி, மூன்று, நான்கு. கம்பி கொஞ்சம் துள்ளுகிறது. போன வாரம் ஜெரோம் மாற்றி வாங்கி வந்த புது உருளை, இது சீக்கிரம் சூடாகுதாம், என்றார். ஐந்து, ஆறு. சின்ன வயதில் என்னிடம் இல்லாத பொறுமையெல்லாம் இப்போது எங்கிருந்து வருகிறதோ. அம்மா வீடியோவில் பேசும்போது ஒருநாள் தட்டில் இரண்டு காயில் கிடந்ததைப் பார்த்துவிட்டாள். என்னட்டி அது, கம்மலா, என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். போட்டுக் காட்டு என்றாள். பிள்ளை அழுகிறான் என்று போனை வைத்துவிட்டேன். பிள்ளை அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தான். அதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று யோசித்து, இங்கே கோவிலில் இருக்கிற ஐரிஷ் சாமியாருக்குக் கம்மல், காயில் இரண்டையும் எப்படி விளங்க வைப்பது என்று விட்டுவிட்டேன்.

காயிலின் இரண்டு காலையும் வேப்புக்குள் இருக்கிற இரண்டு குட்டித் தூணின் ஓட்டைக்குள் நுழைத்து, ஸ்க்ரூவை முடுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மிச்சக் கம்பியை வெட்டிவிட வேண்டும். அந்த மிச்சத்தை நாங்கள் வால் என்போம். அரை அங்குலம் இருக்கும், ஊசி மாதிரி, வெட்டும்போது தெறிக்கும். அதனால்தான் வெள்ளைத் தட்டு, அதனால்தான் தகர டப்பா. இனிகோ தவழ ஆரம்பித்த அன்று நானே போட்ட சட்டம் இது, ஒரு காயிலுக்கு இரண்டு வால், இரண்டும் டப்பாவுக்குள் விழுகிற சத்தம் கேட்டால்தான் அடுத்த வேலை. முதல் வாலை வெட்டினேன், விரலால் மூடிக்கொண்டே, டப்பாவில் போட்டேன், டிங். இரண்டாவதை வெட்டினேன், கட்டரின் கடக் என்ற சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தோடேயே உள்ளே இனிகோ இருமினான். ஒரு இருமல். அடுத்த இருமலுக்குக் காத்திராமல் நான் ஓடிவிட்டேன், நாற்காலி பின்னால் இடித்தது, ஒரே எட்டில் தொட்டிலண்டை நின்றேன், குனிந்தேன், அவன் வாயருகே என் கன்னத்தை வைத்தேன். மூச்சு. சூடாக, பால் புளித்த மணத்தோடு, ஒன்று, ஒன்று, இன்னொன்று. இருமலைத் தூக்கத்திலேயே விழுங்கிவிட்டு உதட்டைச் சப்புக்கொட்டினான். நான் அப்படியே நின்றேன். அவன் பிறந்த பிறகு வீட்டுக்கு வந்த நர்ஸ் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, காரணமில்லாமல் பயப்படுகிறீர்களா என்று கேட்டாள். காரணமில்லாமல் இல்லை என்று பதில் சொன்னேன். அவள் எந்தக் கட்டத்தில் டிக் போடுவதென்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணம்தான் எங்கே பார்த்தாலும் கிடக்கிறதே. அலமாரி உச்சியில் பூட்டி வைத்திருக்கிற நிகோடின் பாட்டில் ஒரு காரணம். திரைச்சீலைக் கயிறு ஒரு காரணம். திராட்சைப் பழம் முழுசாக இருப்பது ஒரு காரணம்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனசு முழுக்க அவன் மூச்சுதான். பொத்தானை அமுக்கி அமுக்கி விட்டேன், காயில் சூடாகிற வேடிக்கை எனக்கு அலுப்பதே இல்லை. முதலில் ஒரு ஓரச் சுற்று மட்டும் சிவந்தது, முந்திரிக்கொட்டை மாதிரி, அதை இடுக்கி முனையால் தடவிவிட்டு, சூடு ஆறுமுன் மெல்ல நெருக்கி, மறுபடி அமுக்க, இப்போது நடுவிலிருந்து கிளம்பி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பரவியது சிவப்பு, யாரோ உள்ளே விளக்கேற்றின மாதிரி. அவ்வளவு அழகு. கம்பியின் மின்தடை, அந்த ஓம் கணக்கும், சரியாக வந்தது. அப்புறம் பஞ்சு. பஞ்சைத் திரிக்கும்போதுதான் எனக்கு மனசு இறங்கி உட்காரும். திரி நுழையும்போது காயில் லேசாக அசைய வேண்டும், நகரக்கூடாது. இறுக்கினால் ஜூஸ், அந்த நிகோடின் திரவம், ஏறாமல் கருகும், தளர்த்தினால் ஒழுகும், எது சரி என்று வாயால் சொல்ல முடியாது, விரலுக்குத்தான் தெரியும். இனிகோவுக்கு டயபர் கட்டுகிற மாதிரி, ஒரு விரல் உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் மிஞ்சின பஞ்சைத் தையல் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி, நுனியைச் சீவிவிட்டு, பள்ளத்துக்குள் சொருகி, மாம்பழ வாசனை ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெள்ளைப் பஞ்சு மெல்ல மெல்லக் கண்ணாடி மாதிரி ஆகிறது. கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன், மூன்றாவது தடவையும் கழுவினேன். மணி இரண்டு இருபத்தைந்து. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற அந்த நிறைவில், டீ போடலாமா, ஒரு முழு டீயைச் சூடாகவே குடித்துவிடலாமா என்று பேராசைப்பட்டுக்கொண்டே டப்பாவை மூடப் போனேன். டப்பாவில் ஒரு வால்தான் இருந்தது.

ஒன்று. குலுக்கினேன், ஒன்றுதான் குலுங்கியது. பழைய வால்களை நேற்றுதான் குப்பையில் கொட்டியிருந்தேன், செல்லோ டேப்பில் சுற்றி, கவரில் போட்டு, முடிச்சுப் போட்டு. தட்டில் இல்லை. தட்டுக்கு அடியில் இல்லை. மேசையில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன், ரொட்டித் தூள். தரை பாதி வழுவழுப்பு, பாதி சாம்பல் நிறக் கம்பளம், வீட்டை வாடகைக்கு விட்டவன் போட்டது, மேசை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கம்பளம் இருக்கிறதே, அது எல்லாவற்றையும் விழுங்கி வைத்துக்கொண்டு இனிகோவுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கும். போன வாரம் நான் மூன்று நாளாகத் தேடின சட்டைப் பொத்தானை அவன் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்து வாய்க்குள் வைத்திருந்தான். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். அவன் அழவில்லை, ஏன் பிடுங்குகிறாய் என்று ஆச்சரியமாகப் பார்த்தான். பொத்தானாவது வட்டம். இது ஊசி. முழங்கால் போட்டேன். அப்படிப் போட்டதுமே வாய் தானாகப் பதுவை அந்தோனியாரைக் கூப்பிட்டுவிட்டது, காணாமல் போனதை எடுத்துக் கொடுக்கிறவர் அவர், ஆனால் அவர் கையிலும் ஒரு குழந்தை இருக்கிறது, அவருக்குப் புரியும். சிஸ்டர் மொடஸ்டாவிடம் சிவப்புக் கம்பளித் துணியில் குத்தின இருபத்துநான்கு ஊசி. வகுப்பு முடிந்து இருபத்துநான்கும் திரும்பி வந்தால்தான் யாரும் வெளியே போகலாம். ஒருநாள் இருபத்துமூன்றுதான் இருந்தது. மணி அடித்தது, ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன, நாங்கள் இருபத்துநான்கு பேரும் பெஞ்சுக்கடியில். யாருக்கும் கிடைக்கவில்லை. வெளிச்சம் போன பிறகு சிஸ்டர் களைத்துப்போய், போங்க பிள்ளைகளா, என்றார். என் பக்கத்து இருக்கை கிளாடிஸ் படியிறங்கும்போது என் காதில், அது யார் காலிலாவது ஏறியிருக்கும், ரத்தத்தோடயே போய் ஒருநாள் நெஞ்சைக் குத்தும், என்றாள். ஒரு வருஷம் முழுக்க இரவில் என் காலில் அந்த ஊசி ஏறிக்கொண்டிருந்தது, முழங்கால், தொடை, வயிறு. காய்ச்சல் வந்தால் அது நெஞ்சுக்கு வந்துவிட்டது என்று நினைப்பேன். இப்போது இருபத்தேழு வயது, அது இன்னும் எங்கேயோ பயணத்தில்தான் இருக்கிறது.

காந்தம். ஃபிரிஜ் கதவில் வேளாங்கண்ணிக் கோவில் படம் போட்ட காந்தம் ஒன்று உண்டு, அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து கம்பளத்தின்மேல் ஒட்டி ஒட்டி இழுத்தேன். முன்பும் ஒரு தடவை வால் தெறித்து இப்படித்தான் எடுத்தேன், டக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது. இழுக்கிறேன், ஒரு ஹேர்பின் வந்தது. ஒரு ஸ்டேப்ளர் பின். குட்டி ஸ்க்ரூ ஒன்று, எதனுடையதோ, இனி அது வேறு கவலை. வேளாங்கண்ணி மாதா முழுக்கக் கம்பளிப் பிசிறு. சோபாவுக்கடியில், ஹீட்டர் இடுக்கில், இனிகோவின் விளையாட்டுப் பாய் விளிம்பில், ஒவ்வொரு சாணாக. வால் வரவில்லை. வராததால் அங்கெல்லாம் இல்லை என்று தீர்மானித்துத் தீர்மானித்து நகர்ந்தேன், நிம்மதிகூட வந்தது, பாதி ஹால் முடித்துவிட்டேன். டப்பாவில் இருக்கிற முதல் வாலை ஒரு தடவை காந்தத்தில் காட்டலாமே என்று எதற்காகத் தோன்றியதோ. காட்டினேன். அது அசையவில்லை. ஒட்ட வைத்தேன், விழுந்தது. புது உருளை. சீக்கிரம் சூடாகுதாம். உருளையின்மேல் ஒட்டியிருந்த சீட்டை இப்போதுதான் படிக்கிறேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எவர்சில்வர். அம்மா பாத்திரக் கடைக்குப் போனால் கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து ஒவ்வொரு குடத்திலும் வைத்துப் பார்ப்பாள், ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர். கடைக்காரர், என்னம்மா நீங்க, டாக்டர் மாதிரி குழாய வச்சுப் பாக்குறீங்க, என்பார். என் கல்யாணச் சீரில் ஒரு டம்ளர்கூட காந்தத்தில் ஒட்டாது. அப்படிப்பட்டவள் மகள், அரை மணி நேரமாக எவர்சில்வரைக் காந்தம் வைத்துத் தேடியிருக்கிறேன். சிரிப்பு வந்தது. தேடி முடித்த இடமெல்லாம் மறுபடி தேடாத இடமாகிவிட்டது. மணி இரண்டு ஐம்பத்தைந்து.

வாக்குவம் கிளீனர் போட்டால் சத்தத்தில் அவன் எழுந்துவிடுவான். அது வாலை இழுத்துக்கொண்டதா என்று பையைக் கிழித்துக் கிளறித்தான் பார்க்க வேண்டும். கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன், சப்பாத்திக்கு வேண்டியதைவிட இளக்கமாக, கண்ணாடி உடைந்தால் அம்மா இப்படித்தான் தூளை ஒற்றி எடுப்பாள். வழுவழுத் தரையில் ஒற்றி ஒற்றிப் போனேன். மாவு சாம்பல் நிறமானது. விரலால் பிட்டுப் பிட்டுப் பார்க்கிறேன், முடி, தூள், இனிகோ துப்பின பிஸ்கட். ஜெரோமிடம் சொல்வதா வேண்டாமா. சொன்னால் அவர் என்ன செய்வார் என்று தெரியும். சத்தம் போட மாட்டார். உருளை, கட்டர், பஞ்சு, வேப், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கட்டிக் குப்பையில் வைத்துவிட்டு வருவார், பிள்ளைய விடவா இது, என்பார். அதோடு சரி. இரண்டு நாள் தாங்குவார், மூன்றாம் நாள் பஸ் வரத் தாமதமாகும், எதிரே அந்தச் சிகரெட் கடை. இனிகோ பிறந்த இரவு எனக்கு ரத்தம் நிற்கவில்லை, என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள், விடியற்காலையில் அவர் வந்து என் நெற்றியில் கை வைத்தபோது சட்டையில் சிகரெட் மணம் இருந்தது. ஒன்று பிடித்திருக்கிறார், ஒன்றே ஒன்று. நான் கேட்கவில்லை. அந்த மணத்தில்கூட, இவர் என்னை நினைத்துத்தான் பயந்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன், இது என்ன பைத்தியக்காரத்தனமான சந்தோஷம். சொல்லாவிட்டால், நாளைக்கு அவன் தவழும்போது நான் பின்னாலேயே தவழ வேண்டும், நாளை மறுநாளும். இருபத்துமூன்று ஊசியோடு மூடுகிற வீடு. வெட்டினேனா, இரண்டாவதை வெட்டினேனா? கடக் என்று கேட்டது. கேட்டதும் இருமினான். இருமியதும் ஓடினேன். எங்கே ஓடினேன்? மாவு கையில் அப்படியே நின்றுபோனது. தொட்டிலுக்கு. வால் தெறித்து என் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்தால்? கம்பளி ஸ்வெட்டர், எதுவும் ஒட்டும். அதோடுதான் போய் அவன் முகத்துக்கு மேலே குனிந்தேன்.

கையைக் கழுவினேன், இந்தத் தடவை ஒரே தடவை. தூங்குகிற பிள்ளையை யாராவது எழுப்புவார்களா, நான் எழுப்பப் போகிறேன். முதலில் எழுப்பாமலே பார்த்தேன். போனின் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடிக்கிற மாதிரி மெத்தையோடு சாய்த்துப் பிடித்தேன், சின்னச் சின்ன நூல்கூட நீள நிழலாக விழுந்தது. போர்வை மடிப்பு. கழுத்து மடிப்பு. காது. வாய் பாதி திறந்து, கீழே இரண்டு பல், அதன் நடுவில் எச்சில் மட்டும். வலது கை விரிந்து கிடந்தது, இடது கை மூடியிருந்தது. மூடிய கை. சுண்டுவிரலைத் தூக்கினேன், அது திரும்ப மடிந்தது. மறுபடி தூக்கி, அடுத்த விரல், அடுத்த விரல், கட்டைவிரலை ஒதுக்கினால், உள்ளங்கைக் குழியில் வெள்ளையாக ஏதோ. என் நெஞ்சில் அந்தப் பழைய ஊசி வந்து சேர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். பஞ்சு. துளிப் பஞ்சு, வேர்வையில் நனைந்து உருண்டையாகத் திரண்டு. என் பஞ்சுதான் அது, நேற்றோ முந்தாநாளோ தரையில் கிடந்ததைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஒரு முழுத் தூக்கம் தூங்கியிருக்கிறான். அவனும் திரி செய்கிறான். இனிகோ கண்ணைத் திறந்தான். அழுவான் என்று நினைத்தேன். டார்ச்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இரண்டு பல்லையும் காட்டினான். தூக்கிக்கொண்டேன். சட்டையைக் கழற்றி உதறி, மெத்தை விரிப்பை உருவி உதறி, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே ஸ்வெட்டரின் முன்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவனுக்கு இதெல்லாம் விளையாட்டு. எழுந்ததும் அவன் செய்கிற முதல் வேலை என் ஸ்வெட்டர்ப் பையில் கையை விடுவது, பிஸ்கட்டை அங்கேதான் வைத்திருப்பேன். விட்டான். விட்ட கை ஏதோ கெட்டியானதில் மோதி நின்றது, அவன் முகம் யோசித்தது, எனக்கும் அப்போதுதான் இடுப்பெலும்பில் அது அழுத்துவது தெரிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன். மெல்ல வெளியே எடுத்தேன், விரல் ஐந்தும் காலி. அப்புறம் என் கையை விட்டேன். கட்டர். ஓடும்போது கையிலிருந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன், அப்புறம் பஞ்சைக் கத்தரிக்கோலால் வெட்டினதால் அதைத் தேடவே இல்லை. ஒரு மணி நேரமாக வாலைத் தேடினவள் கட்டர் காணாமல் போனதைப் பார்க்கவில்லை. ஜன்னலண்டை கொண்டுபோனேன். கட்டரின் வாய்க்குள், இரண்டு அலகும் சேர்கிற கீலோரத்தில், சாய்வாகச் செருகிக்கொண்டு, பளபளவென்று, இரண்டாவது வால்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுவரில் சாய்ந்து, இனிகோவை மடியில் போட்டு, பால் கொடுத்தேன். சாம்பல் நிற மாவு உருண்டை எதிரே கிடந்தது. கம்பளத்தில் சாணளவு சாணளவாகக் காந்தம் இழுத்த தடம். இவ்வளவு சுத்தமாக இந்த ஹால் இருந்ததே இல்லை. கட்டரை உயரத்தில், நிகோடின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், வாலை எடுக்காமல், ஜெரோம் பார்க்கட்டும் என்று. சொல்லிவிடுவது என்று எப்போது முடிவு செய்தேன் என்று தெரியவில்லை, பால் இறங்குகிற மாதிரி தானாக இறங்கியது. படியில் சத்தம் கேட்டது, மூன்று நாற்பத்திரண்டு. வந்தவர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, என்ன புள்ள, கீழ உக்காந்திருக்க, என்றார். கிட்டே வாங்க என்றேன். குனிந்தார், மழை, அட்டைப்பெட்டி, டீசல் வாடை, வேறில்லை. நான் மோந்து பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கட்டரை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், எல்லாம் சொன்னேன், இருமல், காந்தம், எவர்சில்வர், மாவு, மூடின கை. எவர்சில்வர் வந்தபோது அவர் உதடு துடித்தது, சிரிக்கக்கூடாது என்று அடக்கினார். மூடின கை வந்தபோது உட்கார்ந்துவிட்டார். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருவோமா, என்று கேட்டார். கேட்டார், போடவில்லை. அதில்தான் எனக்குத் தைரியம் வந்தது. வேண்டாம், இனிமேல் ரெண்டு வால் மட்டும் இல்ல, கட்டரையும் சேத்து எண்ணணும், மூணு, அவ்வளவுதான், என்றேன். சரி சிஸ்டர், என்றார். அப்புறம் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். நடுவில் ஒரு சிகரெட், கசங்கி, பத்த வைக்காதது. பத்து மணி பிரேக்ல ஒருத்தன் குடுத்தான், நாள் பூரா நெஞ்சுக்கிட்டயே கெடந்துச்சு, என்றார். நான் அதை வாங்கி டப்பாவில் போட்டேன், முதல் வாலுக்குப் பக்கத்தில். நீளம், மூடி மூடவில்லை. கட்டரால் அதை நடுவில் வெட்டினேன், கடக், இனிகோ இருமவில்லை, அப்பாவின் ஷூ லேஸைப் பிடித்திழுப்பதில் மும்முரமாக இருந்தான். பிறகு இடுக்கியால் இரண்டாவது வாலைக் கீலோரத்திலிருந்து உருவிப் போட்டேன். டிங். ஜெரோம் வேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, ஒரு இழுப்பு இழுத்தார். முகம் கோணவில்லை. தோள் இரண்டும் இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். எப்படி இருக்கு என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும். டப்பாவை மறுபடி திறந்து எண்ணினேன், வால் இரண்டு, சிகரெட் துண்டு இரண்டு, கையில் கட்டர். மூடினேன். இதை எழுதுகிற இப்போதும், எல்லாரும் தூங்கின பிறகும், ஸ்வெட்டர்ப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிஸ்கட் தூள்தான்.